கத்தரி அக்கா ஒட்டிய ஒரு வாக்கியம்

கத்தரி அக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும்போது அவளுக்கே அது யாரோ மூன்றாம் மனுஷியின் பேர்போலத்தான் தெரியும். அகராதி ஆபீஸில் சேர்ந்த புதிதில், ஆளுயரப் பத்திரிகைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து நீளக் கத்தரியால் சரக் சரக்கென்று அவள் வெட்டித் தள்ளிய வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பட்டப்பேர் இது. ஒட்டிக்கொண்டது. கட்டிக்கொண்ட புருஷனே பிற்பாடு அப்படித்தான் கூப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி அது. பொருள் எழுதுவதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் வேலை. அக்காவின் வேலை உதாரணம் தேடுவது. ஒவ்வொரு சொல்லுக்கும் கதையிலிருந்து ஒரு வாக்கியம், செய்தியிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும். இரண்டும் அச்சில் வந்ததாக இருக்க வேண்டும். சொந்தமாக ஒன்றைக் கட்டிவிட்டால் பதிப்பாசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெட்டியதைக் கெட்டி அட்டையில் ஒட்டி, ஆள் பேர் இருந்தால் அடித்துவிட்டு, ஒரு பெண், ஒரு முதியவர் என்று மாற்ற வேண்டும். அந்த அட்டைக்குச் சீட்டு என்று பேர். யார் வீட்டுச் சாவோ, யார் வீட்டு வழக்கோ, அக்காவின் மேசைக்கு வந்தால் பேரைத் தொலைத்துவிட்டு ஒரு சீட்டாகிவிடும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. வெங்காயம் நறுக்குகிறவள் வெங்காயத்துக்காகவா அழுகிறாள்?

ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. வெளியே மரக் கதவும் உள்ளே கம்பிக் கதவுமாக ஒரு லிஃப்ட். இரண்டையும் ஒழுங்காகச் சாத்தினால்தான் நகரும். சாத்தினாலும் சில நாள் நகராது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் அவளை மட்டும் சுமந்துகொண்டு இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழேயிருந்து காவலாளி, மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காரு என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. பயப்படாதீங்க என்றது. என்ன வேலை பார்க்கறீங்க என்றது. பேப்பர் வெட்டறேன் என்று அவள் சொன்னதும் சிரித்தது. அந்தக் குரல் பேசப் பேச அவளுக்கு நடுக்கம் விட்டுப்போயிற்று. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மெக்கானிக் உண்மையைச் சொன்னார்: லிஃப்டை சரிபண்ண அஞ்சு நிமிஷம் போதுமாயிருந்தது, பேச்சுதான் முடியவில்லை.

அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பட்டன் பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பூட்டு இருக்குமே, அதைத் திருகினால் லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும். எந்தக் கட்டடத்து லிஃப்டாக இருந்தாலும் அவர் கொத்தில் அதற்கு ஒரு சாவி இருந்தது. சாவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். உள் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்துவிட்டால் போதும், யார் எந்த மாடியிலிருந்து பட்டனை அமுக்கினாலும் அது அசையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் கத்தரியைக் கழற்றி இரண்டு அலகையும் சாணைக் கல்லில் தீட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. மொட்டைக் கத்தரியோடு அக்கா ஆபீஸுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை.

ஒரே மகள். அப்பாவின் காதும் அம்மாவின் அவசரமும் அவளுக்கு. காலேஜில் எல்லோரோடும் சுற்றுலாவுக்குப் பஸ்ஸில் போனாள். திரும்பி வரும் வழியில், நின்றிருந்த லாரியின்மேல் பஸ் மோதியது. ஐந்து பிள்ளைகள். அதில் அவள் ஒருத்தி.

அக்காவுக்குச் சேதி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது அவர் முன்னாலேயே போயிருந்தார். கீழ்த் தளத்துக் கூடத்தில் அக்கா யாரைக் கேட்பது, எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். எதிரே லிஃப்ட் திறந்தது. அவர் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தது. தலை ஈரமாக, வகிடு எடுத்துப் படிய வாரியிருந்தது. ஆபீஸுக்குக் கிளம்புகிறவரைப்போல இருந்தார். அக்கா ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவர் அவள் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னார்.

"அழறதுக்கு நேரம் கெடக்கு. மொதல்ல வா, ஒரு கையெழுத்து போடணும்."

அந்த வார்த்தையை அக்கா மறக்கவில்லை. அதைவிட அந்த வாரின தலையை மறக்கவில்லை. பெற்ற பெண் மேல் மாடியில் துணி போர்த்திக் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குச் சீப்பு எடுத்துத் தலை வாரக் கை வந்திருக்கிறது. வண்டிக்குச் சொன்னார், உறவுக்குச் சொன்னார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். பொட்டுக் கண்ணீர் இல்லை. அக்கா அழுதபோதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றார், தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார். அக்காவுக்கு அந்தக் கையே பிடிக்காமல் போயிற்று. தள்ளிவிட்டாள். அடுத்த வாரம் அவர் சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் அழுதாரா இல்லையா, அக்காவுக்கு உலகத்தில் தெரியவேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அழாதவரோடு ஒரே கூரையின் கீழே எப்படி இருப்பது என்று தெரியவில்லை. ஆனால் இருந்தாள். போவதற்கு வேறு இடம் இல்லை என்பதால் அல்ல. மகளின் அலமாரி அந்த வீட்டில்தான் இருந்தது.

அதற்குச் சில மாதம் கழித்து அகராதி வேலை ஆங்கில ஐ எழுத்துக்கு வந்தது. இன்கன்சோலப்ளி என்று ஒரு சொல். யார் என்ன சொன்னாலும் தேற்ற முடியாதபடி என்று பொருள். அழுதார் என்பதற்கு முன்னாலோ பின்னாலோதான் வரும். அடிக்கடி தட்டுப்படாத சொல். அக்கா பிடிவாதமாகத் தேடினாள். வேறு யாராவது பார்க்கட்டுமே என்று பதிப்பாசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, ஏன், எனக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சா என்று ஒரு போடு போட்டாள்.

கதைகளில் கிடைத்த சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு பையன் செத்துப்போன நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படி அழுகிறான். ஆனால் எழுத்தாளர் எடுத்த எடுப்பில் அந்தச் சொல்லைப் போட்டுவிடவில்லை. வீடே கூடி, பொம்மை காட்டி, வேறு குட்டி வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து, தோற்ற பிறகுதான் போடுகிறார். இன்னொரு கதையில் ஒருத்தி புருஷன் செத்தபோது கல் மாதிரி இருந்துவிட்டு, வெகுநாள் கழித்து ஒரு கோப்பை உடைந்ததற்கு அப்படி அழுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி புதுக் கோப்பையோடு ஓடி வந்து, கொடுக்கத் தெரியாமல் வாசலில் நிற்கிறாள். கதையில் அந்தச் சொல் வந்தால், தேற்றிப் பார்த்துத் தோற்ற ஒரு ஆளும் கூடவே இருக்கிறார்.

செய்தியில் அப்படி இல்லை. தோற்ற அணியின் ரசிகர்கள் அப்படி அழுதார்கள். தேர்தலில் தோற்றவரின் ஆட்கள் அப்படி அழுதார்கள். பிணவறை வாசலில் தாய்மார்கள் அத்தனை பேரும் அப்படியே அழுதார்கள். யாரும் கிட்டே போய்ப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு, அழுதார் என்று எழுதிவிட்டு, போதாதென்று அந்தச் சொல்லையும் ஒரு கை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு இது கைப்பழக்கம் என்று அக்காவுக்குப் பட்டது. சும்மா சொல்லக் கூடாது, அவள் கண்டுபிடித்தது பெரும்பாலும் சரிதான்.

அப்படித் தேடும்போதுதான், அவள் கண்ணில் படாமல் ஆபீஸில் யாரோ எடுத்து ஒளித்து வைத்திருந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று கட்டுக்குள்ளிருந்து வந்தது. பஸ் விபத்து. ஐந்து பிள்ளைகள். கீழே கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம். மகளைப் பறிகொடுத்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் இன்கன்சோலப்ளி அழுதார்.

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் டீ குடித்துக்கொண்டிருந்த மேசையின்மேல் போட்டாள். வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள்.

"அழுதீங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான். நெஜமா?"

அவர் பத்திரிகையைப் பார்க்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதறவங்க எதையாவது எழுதுவாங்க. நான் எங்க அழுதேன்?"

அவ்வளவுதான். அக்காவுக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. ஒன்று அவர் வாய், இன்னொன்று அவளுடைய சீட்டுகள். மறுநாள் ஆபீஸுக்குப் போய் அந்த வாக்கியத்தை வெட்டி ஒட்டினாள். பேர் எதுவும் அடிக்க வேண்டியிருக்கவில்லை, பத்திரிகையிலேயே பேர் இல்லை. அடியில் ஒரு குறிப்பும் எழுதினாள்: செய்திகளில் இச்சொல் பெரும்பாலும் வழக்கத்துக்காகச் சேர்க்கப்படுவது, நேரில் கண்டதைக் குறிப்பதன்று. அந்தக் குறிப்புக்கு உதாரணமாக லிஃப்ட் மெக்கானிக்கையே வைத்தாள். பதிப்பாசிரியருக்கு அது யார் என்று தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

அகராதி அச்சாகி வந்தபோது ஒரு பிரதி வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தை விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்ததை அக்கா சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வார், கோபமாவது படுவார் என்று நின்றாள். அவர் புத்தகத்தை மூடினார். டீ இருக்கா என்று கேட்டார். கல்லுக்குக்கூட வெயில் பட்டால் சுடும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் வருஷங்கள் போயின. சண்டை இல்லை. சண்டை போட்டால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். உப்பு போதுமா, மழை வருமா, வாடகை கொடுத்தாச்சா என்ற அளவில் பேச்சு நின்றது. அவர் முன்னறையில் படுத்தார், இவள் மகளின் அறையில் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கத்தரி மட்டும் தீட்டப்பட்டு, துணியில் சுற்றி, அவள் பைக்குள் இருந்தது. அவள் அதற்கு நன்றி சொன்னதும் இல்லை. இரும்பைக் கண்டால் தீட்டுகிற ஜாதி என்று விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். வந்தவர்களெல்லாம் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அவள் அழவில்லை. உனக்கு நான் அழணுமா என்ற ஒரு வீம்பு உள்ளே இருந்ததை அவளே அறிவாள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து தயங்கித் தயங்கிச் சாவிக்கொத்தைக் கேட்டான். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். இதை வைத்துக்கொண்டு எனக்கென்ன என்றுகூடச் சொன்னாள்.

இப்போது அகராதிக்குப் புதுப் பதிப்பு வருகிறது. செய்தி நடையைப் பற்றிய குறிப்புகளை, செய்தித் தொழிலில் பழுத்த ஒருவர் பார்த்துத் தரட்டும் என்று பதிப்பாசிரியர் ஒரு ஏற்பாடு செய்தார். அந்த இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற நிருபரம்மா ஒருவர் வந்தார். நரைத்த குட்டை முடி, கனத்த தோள்பை, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற குரல். அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகப் பார்த்தார்கள். எங்க பொழப்பையே கிழிச்சுத் தொங்க விட்டிருக்கீங்க என்று நிருபரம்மா சிரித்தார். எதையும் மறுக்கவில்லை. ஐ எழுத்து வந்தது.

நிருபரம்மா அந்தக் குறிப்பைப் படித்தார். உதாரணத்தைப் படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"குறிப்பு சரிதான். நாங்க அப்படித்தான் எழுதுவோம். ஆனா இந்த உதாரணம் தப்பு. இத எழுதினது நான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

நிருபரம்மா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். வேலைக்காலம் முழுக்க அந்தச் சொல்லை அவர் எழுதினது அந்த ஒரு தடவைதான். எடிட்டர் அந்தச் சொல்லை அடித்துவிடப் பார்த்தார், இவர்தான் சண்டை போட்டு இருக்க வைத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி மேல்மாடியிலிருந்து கீழே வரும்போது லிஃப்டில் அவரும் ஒரு ஆளும் மட்டும். பாதி வழியில் அந்த ஆள் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பட்டன் பலகைக்குக் கீழே கொடுத்துத் திருகினார். லிஃப்ட் நின்றது. மன்னிச்சுக்கங்க, ஒரு நிமிஷம் என்றார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அந்த மாதிரி ஒரு ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. நானும் கீழ உக்காந்து, தோளப் புடிச்சு, என்னென்னமோ சொன்னேன். ஒண்ணும் உள்ள போகல. எத்தன நேரம்னு எனக்கே தெரியாது. தேத்திப் பாத்தேன், என்னால முடியல. அதான் அந்த வார்த்தையப் போட்டேன்."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்ன பண்ணார் என்று கேட்டாள்.

"எழுந்தார். என் தண்ணி பாட்டில வாங்கி, அங்கயே மொகம் கழுவினார். தலையெல்லாம் நனைஞ்சுபோச்சு. சீப்பு இருக்கான்னு கேட்டார். என் பையில ஒண்ணு இருந்தது, குடுத்தேன். வாரிக்கிட்டு, என் பக்கம் திரும்பி, கண்ணு செவந்திருக்கான்னு பாருங்க, கீழ அவ வந்திருப்பான்னார். ஏங்க, வீட்டம்மா முன்னாடி அழுதா என்னன்னு கேட்டேன். நானும் அழுதா அவ யாரப் புடிச்சுக்கிட்டு அழுவான்னு சொன்னார். யாருக்கும் தெரிய வேணாம்னார். அதனாலதான் பேர் போடல, லிஃப்டுக்குள்ள அழுதார்னும் போடல. ஆனா எழுதாம விட மனசு வரல."

அக்காவுக்கு அந்த ஈரத் தலை கண் முன்னால் வந்து நின்றது. அந்த நேர் வகிடு. இத்தனை வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு அவரைக் கல் என்று சொல்லி வந்தாளோ, அது ஒரு முன்பின் தெரியாத பொம்பிளையின் சீப்பு. அவள் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று அவர் தன்னைத் துடைத்து நிறுத்திக் கொண்டுவந்தார். அவளோ அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். நெஜமா என்று அன்றைக்குக் கேட்டபோதும், அவர் பொய் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. அவர் இன்னும் காவலுக்கு நின்றுகொண்டிருந்தார். விட்டுப் போகலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை விரலை ஓட்டிப் படித்தாரே, அப்போதும் நின்றுகொண்டிருந்தார். டீ இருக்கா என்று கேட்டார்.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

நிருபரம்மாவின் கை மேசைக்குக் குறுக்கே வந்து அக்காவின் கையைப் பிடித்தது. இப்ப எப்படி இருக்கார் என்று மெதுவாகக் கேட்டார். போன மழைக்காலத்தில் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள். நிருபரம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்த உதாரணத்தின்மேல் பென்சிலைக் கொண்டுபோய், இத எடுத்துடலாமா என்றார்.

"வேணாம்" என்றாள் அக்கா. "குறிப்ப எடுத்துடுங்க. அந்த வாக்கியம் இருக்கட்டும். அது நெஜம்."

எழுந்தாள். தலை சுற்றுகிறது, கொஞ்சம் வெளிக்காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றாள். கூட வரட்டுமா என்ற நிருபரம்மாவைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு லிஃப்டுக்குப் போனாள். இரண்டு கதவையும் சாத்தினாள். அது தன் வழக்கப்படி முனகிக்கொண்டே இறங்கியது. பட்டன் பலகைக்குக் கீழே அந்தச் சின்னப் பூட்டு இருந்தது. இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் அதை அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதன்மேல் விரலை வைத்தாள். சாவியைத்தான் கேட்டவனிடம் தூக்கிக் கொடுத்தாயிற்றே.

கீழ்த் தளத்துக்கு வந்து நின்றது. அவர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கம்பிக் கதவை ஒரு விரல்கடை இழுத்துத் திறந்துவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகளுக்கு அழுததுபோல் இல்லை இது. சத்தம் போட்டு, அவரைப் பேர் சொல்லாமல், உறவு சொல்லாமல், ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டு அழுதாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து அழுதாள்.

வெளியே மரக் கதவு திறந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுக் காவலாளி. கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். யாரோ நாலைந்து பேர் வந்து நிற்கும் செருப்புச் சத்தம் கேட்டது. என்னங்க, லிஃப்ட் வேலை செய்யலையா என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"ரிப்பேர் சார். மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு" என்றார் காவலாளி. "வந்துட்டிருக்காரு."

உள்ளே அக்கா அதைக் கேட்டாள்.